கண்ணாடியில் தெரியும் கை: தீராத நரம்பு வலிக்கு வீட்டிலேயே கண்ணாடிப் பயிற்சி

ஏற்காடு மலைப்பாதையில் தூறலில் வண்டி சறுக்கி விழுந்து எனக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த பிறகுதான் தொல்லையே தொடங்கியது. கை வீங்கி, தோல் பளபளவென்று சிவந்து, ஒரு நேரம் கொதிக்கும், ஒரு நேரம் சில்லிட்டுப் போகும். முந்தானை உரசினால் பச்சை மிளகாய் அரைத்த கை மாதிரி எரியும், ஃபேன் காற்றுகூட ஆகாது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் எலும்பு அழகாகக் கூடியிருக்கிறது. எலும்புதான் கூடிவிட்டதே, இன்னும் ஏன் வலிக்கிறது என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே களைத்துப்போனேன். வீட்டில் உட்கார்ந்து வெள்ளிக் கொலுசுக்குச் சலங்கை கோக்கிற வேலை எனக்கு. இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரவில்லை என்றால் ஒரு சலங்கையைக்கூடப் பிடிக்க முடியாது.

இந்த நோய்க்கு சிஆர்பிஎஸ் (Complex Regional Pain Syndrome) என்று பெயர். காயம் ஆறின பிறகும் வலி மட்டும் அந்தக் கையிலோ காலிலோ தங்கிப்போவது, சிலருக்குப் போகப் போகக் கூடிக்கொண்டும் வரும். மணிக்கட்டு முறிந்தவர்களில் சிலருக்கு இது வரும். அது தெரியாமல் நான் முதலில் போய்க் காட்டிய இடத்தில், விரல்களைப் பிடித்துப் பலவந்தமாக மடக்கிவிட்டார்கள். வலிக்காமல் எப்படிம்மா சரியாகும், பல்லைக் கடித்துக்கொள் என்றார்கள். அன்று இரவு முழுக்கத் தூக்கமில்லை, விடிந்து பார்த்தால் வீக்கம் முழங்கை வரைக்கும் ஏறியிருந்தது. பக்கத்து வீட்டில் நல்லெண்ணெய் காய்ச்சி நீவிவிட வந்தார்கள், அவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

நம் ஊரில் இந்தப் பேச்சு எலும்போடு எலும்பாக ஊறிப்போயிருக்கிறது, அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணாடிப் பயிற்சியில் வலியைத் தாங்கிக்கொண்டு செய்வது என்பதே கிடையாது. வலித்தால் நிறுத்த வேண்டும், வலி வருவதற்கு முன்பே நிறுத்தினால் இன்னும் நல்லது. இது கைக்குத் தருகிற பயிற்சி அல்ல, மூளைக்குச் சொல்லித் தருகிற பாடம்.

மூளைக்குள் நம் உடம்புக்கு ஒரு வரைபடம் இருக்கிறது. கை வாரக்கணக்கில் அசையாமல் கிடந்தாலோ, அல்லது வெட்டி எடுக்கப்பட்டாலோ, அந்தக் கைக்கு உரிய இடம் அந்த வரைபடத்தில் குழம்பிப்போகிறது. மூளை கையை அசை என்று கட்டளை அனுப்புகிறது, அசைந்தேன் என்ற பதில் வருவதில்லை, அல்லது வலியாகத்தான் வருகிறது. நடுவில் ஒரு கண்ணாடியை வைத்து, நல்ல கையின் பிம்பத்தை வலிக்கிற கை இருக்கும் இடத்தில் தெரியவைத்தால், கண் பார்த்ததை மூளை நம்பிவிடுகிறது. அந்தக் கை நோகாமல் அசைகிறது என்று அதற்கு ஒரு புதுச் செய்தி போகிறது. இதைத் திரும்பத் திரும்ப அனுப்புவதுதான் மொத்த வைத்தியமும்.

இதைக் கண்டுபிடித்தவர் நம் மாநிலத்துக்காரர், மூளை நரம்பியல் விஞ்ஞானி வி. எஸ். ராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1990களில் அமெரிக்காவில் சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, கை இழந்தவர்களுக்கு ஒரு பெட்டியும் கண்ணாடியும் வைத்து இதைச் செய்துபார்த்தார். இல்லாத கை முறுக்கி மூடிக்கொண்டு, நகம் உள்ளங்கையில் குத்துகிற மாதிரி வேதனைப்பட்டவர்களில் சிலருக்கு, கண்ணாடியில் கை விரிவதைப் பார்த்ததும் அந்த இல்லாத கையும் விரிந்தது. 2007இல் அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஒன்றில் கால் இழந்தவர்களை மூன்று குழுவாகப் பிரித்து, தினமும் 15 நிமிடம் வீதம் 4 வாரம் செய்யவைத்தார்கள். கண்ணாடி பார்த்த 6 பேருக்கும் வலி குறைந்தது. மூடிய கண்ணாடி முன்னால் உட்கார்ந்த 6 பேரில் ஒருவருக்குத்தான் குறைந்தது, கண்ணை மூடி மனதில் நினைத்துப் பார்த்த 6 பேரில் இரண்டு பேருக்கு. சின்ன ஆய்வுதான், எல்லாருக்கும் வேலை செய்யும் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் கண்ணாடிக்கு ஆகிற செலவையும் அதில் இருக்கிற ஆபத்தையும் வைத்துப் பார்த்தால், செய்துபார்க்காமல் விடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

யாருக்கு இது ஆகாது என்பதையும் பார்த்துவிடலாம். ஒரு பக்கம் வலித்து மறுபக்கம் நன்றாக இருந்தால்தான் இந்த முறைக்கே அர்த்தம். சர்க்கரையால் இரண்டு பாதமும் எரிகிறவர்களுக்கு எந்தக் காலைப் பிம்பமாகக் காட்டுவது? அவர்களுக்கு இது பொருந்தாது. (அவர்களுக்குக் கண்ணாடி வேறு விதத்தில் உதவும். தினமும் ராத்திரி உள்ளங்காலுக்கு நேராக ஒரு கண்ணாடியைப் பிடித்து, வெடிப்போ புண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். மரத்துப்போன காலில் முள் ஏறினாலும் தெரியாது.) வலி எதனால் என்று மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் நீங்களாகத் தொடங்காதீர்கள். வீக்கம் திடீரென்று கூடினாலோ, காய்ச்சல் அடித்தாலோ, கெண்டைக்கால் சிவந்து இறுகினாலோ கண்ணாடியை ஓரமாக வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அது கிருமித் தொற்றாகவோ ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்ததாகவோ இருக்கலாம். காபாபென்டின், ப்ரீகாபலின் மாதிரி நரம்பு வலி மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கண்ணாடியில் குணம் தெரிகிறது என்று தாங்களாகவே சட்டென்று நிறுத்தக் கூடாது, மருத்துவரைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

சரி, கண்ணாடி. கைக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி போதும். காலுக்கு நாலு அடி நீளம், ஒன்றரை அடி அகலம் இருந்தால் சௌகரியம். சாமி படத்துக்குச் சட்டம் போடுகிற கடையில் கேட்டால் அளவுக்கு வெட்டித் தருவார்கள், ஓரத்தை உரசித் தரச் சொல்லுங்கள், அதன்மேல் நீங்களும் ஒரு சுற்று அகலமான டேப் ஒட்டிவிடுங்கள். மரத்துப்போன கையில் கீறினால் தெரியாது. உடையாத பிளாஸ்டிக் கண்ணாடியும் கிடைக்கிறது. எடை குறைவு, ஆனால் மெலிதாக இருந்தால் வளைந்துகொண்டு பிம்பம் கோணலாகத் தெரியும், கோணல் கையை மூளை தன் கையாக எடுத்துக்கொள்ளாது. வாங்கும்போதே உங்கள் நல்ல கையை அதன்முன் நீட்டி, விரல்கள் நேராகத் தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நான் செய்தது மாம்பழம் வந்த அட்டைப் பெட்டியில். சீசன் முடிந்து வீட்டில் கிடந்த பெட்டி, கெட்டியான அட்டை. அதன் ஒரு குறுகிய பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, நீளப் பக்கத்தின் வெளிப்புறத்தில் கண்ணாடியை ஒட்டினேன். வலிக்கிற கை பெட்டிக்குள் போய்விடும், நல்ல கை கண்ணாடிக்கு முன்னால் இருக்கும். சிலர் வலிக்கிற கையைத் துண்டு போட்டு மூடச் சொல்வார்கள், எனக்கோ துண்டு பட்டாலே உயிர் போனது. பெட்டி என்றால் கையின்மேல் எதுவும் படாது. உள்ளே பழைய பருத்திச் சேலையை நாலாக மடித்துப் போட்டுக்கொண்டேன்.

உட்காருவதற்கு முன் இரண்டு கையிலும் வளையல், மோதிரம், வாட்ச், சாமிக் கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கயிறைக் கழற்ற மனசு வரவில்லை என்றால் இரண்டு கைக்கும் ஒரே மாதிரி முழுக்கைச் சட்டை போட்டு மறைத்துக்கொள்ளுங்கள். மருதாணி ஒரு கையில் மட்டும் இருந்தால் அது அழியட்டும் என்று காத்திருங்கள், அல்லது இரண்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். இது அற்ப விஷயம் மாதிரித் தெரியும். என் வலது கையில் பழைய சூட்டுத் தழும்பு ஒன்று இருக்கிறது, வெள்ளி பற்றவைக்கிற இடத்தில் பட்டது. கண்ணாடியில் அது தெரிந்தவரைக்கும், இது என் இடது கை இல்லை என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. தழும்பு தெரியாமல் கையைத் திருப்பி வைத்தேன். ஒரு நிமிடத்துக்குள் அது என் கை ஆகிவிட்டது.

முதல் நாள் எதையும் அசைக்காதீர்கள். கண்ணாடி உங்கள் நெஞ்சுக்கு நேர் நடுவில், மூக்குக்கு நேராக நிற்க வேண்டும், பளபளக்கிற பக்கம் நல்ல கையைப் பார்த்து இருக்க வேண்டும். தலையைக் கொஞ்சம் நல்ல பக்கமாகச் சாய்த்து, கண்ணாடிக்குள் தெரிகிற கையை மட்டும் பாருங்கள். நிஜக் கை பக்கம் கண் போகும், போனால் திருப்பிக் கொண்டுவாருங்கள். உள்ளே இருக்கிற கையையும் பிம்பத்தில் இருக்கிற அதே நிலையில், உள்ளங்கை கீழே என்றால் இதுவும் கீழே என்று, வலிக்காத அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். அவ்வளவுதான், எழுந்துவிடுங்கள். எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது. வீங்காத, சிவக்காத என் இடது கையை எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பார்க்கிறேன் அல்லவா.

அழுகை வருவது சகஜம். தலை சுற்றலாம், குமட்டலாம், வேர்க்கலாம், கை கனக்கிற மாதிரியோ யாருடைய கையோ மாதிரியோ தோன்றலாம். அப்படி வந்தால் கண்ணை மூடி, கண்ணாடியை ஒரு துணியால் மூடிவிட்டு, நல்ல கையை நேராகப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தால் தணிந்துவிடும். மறுநாள் நேரத்தைப் பாதியாக்குங்கள். பக்கவாதம் வந்தவர்கள் தனியாகச் செய்ய வேண்டாம், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

இரண்டு மூன்று நாள் பார்த்தே பழகிய பிறகு நல்ல கையை அசைக்கத் தொடங்கலாம். ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கி இறக்குங்கள், மனசுக்குள் ஒன்று இரண்டு மூன்று எண்ணுகிற வேகத்தில். அப்புறம் எல்லா விரலையும் விரித்து மூடுவது, கட்டைவிரலால் ஒவ்வொரு விரல் நுனியாகத் தொடுவது, உள்ளங்கையை மேலே கீழே திருப்புவது, கடைசியாக மணிக்கட்டை மடக்குவது. மணிக்கட்டு எனக்கு மூன்றாவது வாரத்தில்தான். உள்ளே இருக்கிற கை ஆரம்பத்தில் சும்மா இருக்கட்டும். சில நாள் கழித்து அதுவாகவே கூட அசைய ஆசைப்படும், அப்போது வலி வராத எல்லைக்குள் கூடவே அசைக்கலாம், பிம்பம் பத்துப் பங்கு அசைந்தால் இது ஒரு பங்கு அசைந்தாலும் சரி. கை இழந்தவர்கள் இல்லாத கையைப் பிம்பத்தோடு சேர்த்து அசைப்பதாக மனசால் முயற்சி செய்ய வேண்டும், அந்த முயற்சி முக்கியம்.

எத்தனை நேரம் என்றால், என்னைப் போன்ற சிஆர்பிஎஸ்காரர்களுக்கு ஒரே மூச்சாகச் செய்வதைவிட மூன்று நிமிடம் ஐந்து நிமிடமாக ஒரு நாளில் ஐந்தாறு தடவை செய்வது நல்லது. உலை கொதிக்கிற இடைவெளியில் ஒரு தடவை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு ஒரு தடவை என்று வைத்துக்கொண்டேன். கை கால் இழந்தவர்கள் தினம் 15 நிமிடம், குறைந்தது 4 வாரம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பதைவிடத் தினமும் விடாமல் செய்வது நல்லது. ஒரு சின்ன நோட்டில் தினமும் செய்வதற்கு முன் வலி பத்துக்கு எத்தனை, செய்த பிறகு எத்தனை, ராத்திரி எத்தனை என்று எழுதுங்கள். தினம் பார்க்கும்போது ஒன்றும் மாறாத மாதிரி இருக்கும். நான் எட்டில் தொடங்கினேன், முதல் இரண்டு வாரமும் ஏழு எட்டுக்கு நடுவிலேயே நின்றது, விட்டுவிடலாமா என்று நினைத்தபோது நோட்டைப் புரட்டினால் ராத்திரிக் கணக்கு மட்டும் ஐந்துக்கு இறங்கியிருந்தது. தூக்கம் வரத் தொடங்கியதையே நான் கவனிக்கவில்லை.

கண்ணாடி பார்த்தாலே வலி கூடுகிறது என்றால்

இது பலருக்கு நடக்கும், குறிப்பாக வலி தொடங்கி ரொம்ப நாள் ஆனவர்களுக்கு. 2003இல் இங்கிலாந்தில் சிஆர்பிஎஸ் உள்ள 8 பேரைக் கண்ணாடி பார்க்கவைத்தார்கள். நோய் தொடங்கி எட்டு வாரத்துக்குள் வந்தவர்களுக்கு நன்றாகக் கேட்டது, இரண்டு வருடம் தாண்டியவர்களுக்குக் கேட்கவில்லை. இதைப் படித்துவிட்டு நான் உடைந்துபோனேன், ஏனென்றால் எனக்கு ஐந்து மாதம் ஆகியிருந்தது. அப்போதுதான் எங்கள் பிசியோதெரபி அக்கா இன்னொரு வழியைச் சொன்னார். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த லோரிமர் மோஸ்லி 2004இல் செய்த ஆய்வு அது. மணிக்கட்டு முறிந்து ஆறு மாதத்துக்கு மேல் வலியோடு இருந்த 13 பேர், அப்படியே என் கதை. அவர்களை நேராகக் கண்ணாடிக்குக் கொண்டுபோகாமல் மூன்று படியாக ஏற்றியிருக்கிறார், படிக்கு இரண்டு வாரம். வலி குறைந்தது.

முதல் படி, படத்தைப் பார்த்து அது இடது கையா வலது கையா என்று சொல்வது. கேட்டால் குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கிறது. ஆனால் வலி தங்கிய கைக்காரர்களுக்கு அந்தப் பக்கக் கையைக் கண்டுபிடிக்கக் கூடுதல் நேரம் ஆகும், தப்பும் வரும், எனக்கும் அப்படித்தான். என் பெண் அவள் அப்பா கை, பாட்டி கை, தோழிகள் கை என்று பல கோணத்தில் ஐம்பது அறுபது படம் போனில் எடுத்துத் தந்தாள். மாவு பிசைகிற கை, பூக்கட்டுகிற கை, டம்ளர் பிடித்த கை. படத்தைத் தள்ளத் தள்ள இடது, வலது என்று சொல்ல வேண்டும். இரண்டாவது படி, அதே படங்களைப் பார்த்து உங்கள் கை அந்த நிலையில் போய் இருப்பதாக மனசுக்குள் நினைப்பது, கை அசையக் கூடாது. நினைத்தாலே வலிக்கும் சிலருக்கு, அப்படி வலித்தால் முதல் படிக்கே திரும்புங்கள். மூன்றாவது படிதான் கண்ணாடி. வரிசையை மாற்றினால் அதே பலன் வருவதில்லை என்றும் அவரே பார்த்திருக்கிறார். நான் அந்த ஒரு மாதத்தை அவசரப்படாமல் கடந்ததால்தான் கண்ணாடிக்கு வந்தபோது கை என்னோடு ஒத்துழைத்தது என்று நம்புகிறேன்.

கால் இழந்தவர்களுக்கு

ஏற்காட்டு மலையில் நாகலூரில் எங்கள் பெரியப்பா இருக்கிறார். எஸ்டேட்டில் வேலை. வெட்டிய சில்வர் ஓக் கட்டை உருண்டு வந்து காலில் ஏறி, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. புண் ஆறிவிட்டது, ஆனால் இல்லாத பாதத்தில் விரல் எல்லாம் உள்ளுக்குள் சுருட்டிக்கொண்டு, பெருவிரலுக்கு அடியில் முள் இறங்குகிற மாதிரி வலி என்பார். பேய் பிடித்த மாதிரி ஆகிவிட்டது கண்ணு, யாரிடம் சொல்ல என்பார். இல்லாத காலில் வலிப்பது பைத்தியமும் அல்ல, பொய்யும் அல்ல, கை கால் எடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு இருக்கிறது. வீட்டில் உள்ளவர்கள் இதை முதலில் நம்ப வேண்டும்.

கம்பளியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு மலைக்குக் கண்ணாடி கொண்டுபோனேன். அவரைக் கட்டிலில் சுவரில் முதுகு சாய்த்து, இடுப்புக்குப் பின்னால் தலையணை வைத்து, காலை நீட்டி உட்காரவைத்தேன். கண்ணாடி இரண்டு தொடைக்கும் நடுவில் நீளவாக்கில், பளபளக்கிற பக்கம் இடது காலைப் பார்த்து. சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் அரிசிப் பையை அண்டக் கொடுத்தேன். வேட்டியை இரண்டு பக்கமும் ஒரே அளவுக்குத் தூக்கிவிட்டு, நல்ல கால் முழுசாகத் தெரிகிற மாதிரி கண்ணாடியின் மேல் விளிம்பைக் கொஞ்சம் சாய்த்தேன்.

பாருங்க பெரியப்பா, சும்மா பாருங்க என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. இப்போது விரலை மெதுவாக மேலே தூக்குங்க, ரெண்டு காலையும் சேர்த்து என்றேன். இடது கால் விரல்கள் நிமிர்ந்தன, கண்ணாடியில் வலது கால் விரல்களும் நிமிர்ந்தன. ஏங் கண்ணு, பிரியுது, விரலு பிரியுது என்றார். வலி போய்விட்டது என்று சொல்லவில்லை. சுருட்டியிருந்தது தளர்ந்தது என்றார், அரைமணி நேரத்தில் திரும்பச் சுருட்டிக்கொண்டது. மறுநாள் திரும்பச் செய்தார். மூன்றாவது வாரம் போன் பண்ணி, ராத்திரி இரண்டு தடவைதான் எழுந்தேன் என்றார்.

கால்காரர்கள் செய்ய வேண்டிய அசைவுகள் சுலபம்: பாதத்தை முன்னால் அழுத்துவது, பின்னால் இழுப்பது, விரல்களை விரிப்பது சுருட்டுவது, பாதத்தால் காற்றில் வட்டம் போடுவது. குனிந்து குனிந்து பார்த்தால் முதுகு பிடித்துக்கொள்ளும், அதனால் கண்ணாடியைத்தான் சரிபண்ண வேண்டும், உடம்பை அல்ல. பெண்கள் மெட்டியைக் கழற்றத் தயங்கினால் கழற்ற வேண்டாம், மெல்லிய சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம்.

அசைவு பழகிய பிறகு தொடுதலுக்கு வாருங்கள். பஞ்சு, பட்டுத் துணி, பல்லுத் தேய்க்கிற பிரஷ் என்று மென்மையில் இருந்து சொரசொரப்புக்கு. நல்ல கையைத் தடவிக்கொண்டே பிம்பத்தைப் பாருங்கள், மறைந்திருக்கிற கையில் தொட்ட உணர்வு வருவதைச் சிலர் உணர்வார்கள். ஒரு வாரம் கழித்து அதே துணியால் யாரையாவது விட்டு வலிக்கிற கையையும் அதே நேரத்தில் அதே இடத்தில் மெல்லத் தொடச் சொல்லலாம், கூச்சமோ எரிச்சலோ வந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அதற்கும் அப்புறம் பொருள்கள். நான் ஒரு ஜோடிக் கொலுசை வைத்துச் செய்தேன். வலது கையில் கொலுசைப் பிடித்து, கண்ணாடிக்குள் இடது கை கொலுசு பிடிப்பதைப் பார்த்துக்கொண்டே, பெட்டிக்குள் இடது கையில் இன்னொரு கொலுசு சும்மா கிடக்கும். பிறகு ஒரு நாள் பிடித்தேன். நாலு மாதம் முடிந்தபோது நோட்டில் இரண்டு என்று எழுதினேன், ஒரு மணி நேரம் சலங்கை கோத்துவிட்டு எழுதிய இரண்டு.

வலி அடங்கின பிறகு கண்ணாடியை யாருக்காவது கொடுத்துவிடாதீர்கள். ஐப்பசி மழையில் குளிர் ஏறினால், தூக்கம் கெட்டால், வீட்டில் கவலை வந்தால் வலி எட்டிப்பார்க்கும். எனக்கு வருடத்துக்கு இரண்டு தடவை வருகிறது. அப்போது பீரோவுக்குப் பின்னால் இருந்து பெட்டியை எடுத்துத் தூசி தட்டி, முதல் நாள் மாதிரியே அசைக்காமல் இரண்டு நிமிடம் பார்ப்பதில் தொடங்குகிறேன். பெரும்பாலும் ஒரு வாரம் போதும்.